விரால் மிதக்காத குளம்

மீனைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நீங்கள் படித்துவிட்டு வந்தவர்கள். நான் மீன்குஞ்சுக் குடத்தைத் தலையில் சுமந்து இந்த வேலைக்குள் வந்தவன். அந்தக் காலத்தில் குஞ்சை பஸ்ஸில்தான் கொண்டுவருவோம். வழி நெடுகக் குடத்துத் தண்ணீரைக் கையால் அலசிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் கண் அசந்தால் குஞ்சு மூச்சு முட்டிச் செத்துவிடும். கண்டக்டர் திட்டுவார். பக்கத்து சீட்டுக்காரர் வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு எழுந்து போவார். "இன்னாய்யா, தயிர் கடையறியா?" என்று ஒரு அம்மா கேட்டாள். என் படிப்பு அந்தக் குடத்தில் ஆரம்பித்தது.

இப்போது வேங்கிக்கால் பக்கம் மீன்துறை ஆபீசில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கிறீர்கள். நல்லது. ஆனால் என்றாவது ஒரு நாள் குளக்கரையில் நிற்பீர்கள். அன்றைக்குப் படித்தது ஒரு பக்கம் இழுக்கும், கூட்டம் ஒரு பக்கம் இழுக்கும். அப்படி நான் நின்ற ஒரு காலையைத்தான் சொல்ல வந்தேன்.

அதற்கு முன்னால் ஒன்று. எந்த ஊருக்குப் போனாலும் தலைவர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "கெண்டை கிண்டை எல்லாம் இன்னாத்துக்கு சார்? வெராலா உடுங்களேன், அதுக்குத்தான் மவுசு." நான் சொல்வேன்: "ஊர்ல எல்லாரும் நாட்டாமையா குந்திக்கினா ஏர் ஓட்டறது யாருங்க?" சிரிப்பார்கள். விரால் மற்ற மீனைத் தின்கிற மீன். அந்த மீன் தண்ணீரில் புள்ளி புள்ளியாகத் துள்ளுகிற தெள்ளுப்பூச்சியைத் தின்றிருக்கும். தெள்ளுப்பூச்சி பச்சைப் பாசியைத் தின்றிருக்கும். பாசி வெயிலைத் தின்றிருக்கும். தீப்பிடித்த குடிசைக்குக் குடம் குடமாகக் கை மாற்றித் தண்ணீர் கொண்டுபோவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு கையிலும் தளும்பிச் சிந்தும். வெயிலின் தெம்பும் அப்படித்தான் கை மாறுகிறது. தின்றவன் ஓடுவதற்கும் மூச்சு விடுவதற்கும் செலவழித்துச் சூடாக வெளியே விட்டது போக, அடுத்த கைக்குப் பத்தில் ஒரு பங்கு போய்ச் சேர்ந்தால் அதிகம். அதனால்தான் ஒரு குளத்தில் கெண்டை நிறைய இருக்கும், விரால் கொஞ்சம் இருக்கும், மேலே சுற்றுகிற பருந்து ஒன்றோ இரண்டோ இருக்கும்.

இதெல்லாம் எனக்கு வாயில் பாடமாக இருந்தது. அந்தக் காலையில் எல்லாம் மறந்து போயிற்று.

எண்பதுகளின் தொடக்கம். அப்போது நாம் வடாற்காடு ஜில்லா. செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர், அதற்கு ஒரு குளம். ஊரின் பேர் வேண்டாம். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரை ஓட்டையாகிவிட்டது. மழை வந்தால் பிள்ளைகள் சிலேட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஊர் கூடிப் பேசி, குளத்தில் மீன் வளர்த்து, கோடையில் பிடித்து விற்று, ஓட்டுக் கூரை போடுவது என்று முடிவெடுத்தார்கள். குஞ்சு விட்டது நான். நன்றாக வளர்ந்தது. கட்லாக் கெண்டையெல்லாம் குளத்தில் புரண்டால் படித்துறையில் துணி துவைப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த ஊருக்குப் பெரிய மனிதர் ரைஸ் மில் வைத்திருந்தவர். மில்லுக்காரர் என்றுதான் எல்லாரும் சொல்வோம். கூரை யோசனையே அவருடையதுதான். மலை சுற்ற வருகிற ஜனங்களுக்கு வருஷம் தவறாமல் கார்த்திகை தீபத்தின்போது ரோட்டோரம் பந்தல் போட்டுச் சோறு போடுவார். "வயிறு ரொம்பினா மலை தானா சுத்தும்" என்பார். தன் கையாலேயே பரிமாறுவார். நல்ல மனிதர். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் ஏகாம்பரம். குளத்துக்குக் கீழே அவருக்குக் கொஞ்சம் நெல் வயல். மழைக்கு முன்பு, மீனுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும் என்று ஊர்க்காரர்கள் மதகை அடைத்துவிட்டார்கள். அவர் கிணறும் வற்றியிருந்தது; நாற்று காய்ந்தது. டீக்கடை முன்னால் நின்று நாலு பேர் கேட்கக் கத்திவிட்டார்: "என் பயிரு தீஞ்சா மாதிரியே உங்க மீனும் நாசமாப் பூடும்டா!" கோபத்தில் வந்த வார்த்தை. ஆனால் வார்த்தை சும்மா போகாது. ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு நேரம் பார்க்கும்.

அந்த வருஷம் தீபத்துக்கு மழை பிடித்துக்கொண்டது. முன்னும் பின்னும் வெயிலையே காணோம். மலையே மேகத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. தீபம் முடிந்த கையோடு ஒரு நாள் விடியும்போது, டவுனில் நான் குடியிருந்த அறைக் கதவை அந்த ஊர்ப் பால்காரர் படபடவென்று தட்டினார். கேனைக்கூட சைக்கிளிலிருந்து இறக்கவில்லை.

"மீனு சார், ஓடியாங்க. கொளம் பூரா மீனு செத்து மெதக்குது. ஏகாம்பரத்தை மரத்துல கட்டி வச்சு அடிக்கறானுங்க."

சைக்கிளை எப்படி மிதித்தேன் என்று தெரியாது. கரை மேல் ஏறினேன். பந்தியில் வரிசையாக இலை போட்டதுபோல் தண்ணீர் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. எல்லாம் வயிறு. என் கையால் விட்ட கட்லா, தொடை அளவுக்கு வளர்ந்தது, படியோரத்தில் கண் திறந்தபடி மிதந்தது.

புங்க மரத்தில் ஏகாம்பரம். அவருடைய மாட்டுக் கயிற்றாலேயே கட்டியிருந்தார்கள். உதட்டில் ரத்தம். காலடியில் எண்ட்ரின் பூச்சிமருந்து டின் ஒன்று. அவர் வரப்பிலிருந்து எடுத்து வந்திருக்கிறார்கள். மழைக்கு மறுபடி நட்ட பயிருக்கு, தூறல் விட்ட நேரம் பார்த்து இரண்டு நாள் முன்பு மருந்து அடித்திருக்கிறார். மில்லுக்காரர் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர்.

"என் கையால சோறு போட்டு வளத்த ஜீவனுங்கடா! அதுங்க உனக்கு இன்னா பண்ணுச்சு?"

"சாமி மேல சத்தியமா நான் ஊத்தலீங்க, மொதலாளி..."

"மீனு நாசமாப் பூடும்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன். சொன்னது நெசம். ஊத்தலீங்க."

சுற்றி நின்ற வாலிபர்கள் கையில் சவுக்குக் கழி. ஒருவன் போலீசைக் கூட்டிவரக் கிளம்பியிருந்தான். போலீஸ் வருவதற்குள் இந்த ஆள் உயிரோடு இருப்பானா என்பது எனக்குச் சந்தேகமாக இருந்தது. வயல் குளத்துக்குக் கீழே இருக்கிறது, அடித்த மருந்து மேலே ஏறாது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கோபத்துக்கு மேடு பள்ளம் தெரியாது. கொண்டுவந்து ஊற்றியிருப்பான் என்றே நானும் நினைத்தேன். அந்த டின்னைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அப்போது பஜாரில் மீன் விற்கிற முனியம்மா கூடையோடு கரை ஏறி வந்தாள். செய்தி அவளுக்கு எப்படித்தான் எட்டுமோ. நேராகப் படியில் இறங்கினாள். "தொடாதே, வெசமா இருக்கும்!" என்று கத்தினேன். அவள் இடுப்பில் கை வைத்துக் குளத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"இன்னா சார் இது அநியாயம். கொளமே செத்துக் கெடக்குது, ஒரு வெராலு கூட கண்ணுல படலியே. அதை மட்டும் எவன் பொறுக்கினு பூட்டான்?"

அவளுக்கு வியாபாரக் கவலை. எனக்கு நடு மண்டையில் அடித்தது.

விரால் ஏன் மிதக்கவில்லை? மழையில் கால்வாய் வழியாக ஏறி வந்த விராலும் குறவையும் அந்தக் குளத்தில் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்த இரண்டும் தண்ணீருக்கு மேலே வாய் வைத்துக் காற்றை விழுங்கத் தெரிந்தவை. சேற்றிலும் பிழைக்கும். விஷம் என்றால் அவையும் செத்திருக்க வேண்டும். குனிந்து பார்த்தேன். தண்ணீர் மேல் நீண்ட காலோடு ஓடுமே பூச்சி, அது படியோரத்தில் கூட்டமாகச் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தது. நத்தைகள் தண்ணீரை விட்டு ஈரப் படியில் ஏறி ஒட்டிக்கொண்டிருந்தன. செத்ததில் பெரிய மீனே ஜாஸ்தி, குஞ்சு கம்மி. நடுக்குளத்தில் இன்னும் உயிரோடு இருந்தவை தண்ணீர் மட்டத்தில் வாயை வைத்து சப்சப்பென்று தவித்துக்கொண்டிருந்தன. குடத்தை அலசாமல் விட்டால் குஞ்சு இப்படித்தான் வாய் திறக்கும்.

ஒரு கை தண்ணீர் அள்ளி முகர்ந்தேன். புளித்த கழுநீர் நாற்றம். படிக்குக் கீழே கையை விட்டுச் சேற்றை அள்ளினேன். சேற்றில் வழவழவென்று வெள்ளையாக ஏதோ. விரலால் நசுக்கிப் பார்த்தேன். சோறு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மீன் செத்ததைப் பார்த்தபோதுகூட அவ்வளவு அதிரவில்லை. தீபத்துக்கு வழக்கமான கூட்டத்தை நினைத்து அண்டா அண்டாவாக வடித்திருக்கிறார்கள். மழையில் ஜனம் பாதிகூட வரவில்லை. மிஞ்சின சோற்றை மண்ணில் கொட்டினால் பாவம், ஜீவனுக்குப் போட்டால் புண்ணியம். மாட்டு வண்டியில் ஏற்றிக் குளத்தில் கொட்டியிருக்கிறார் மில்லுக்காரர். கையால் சோறு போட்டு வளர்த்த ஜீவன் என்று அவர் அழுதது வெறும் பேச்சு இல்லை.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கழி வைத்திருக்கிற கூட்டம். அதற்குத் தலைமை தாங்கி அழுகிற மனிதர். அவர்தான் காரணம் என்று நான் கத்தினால் என்னையும் அதே மரத்தில் கட்டுவார்கள்; நம்பிவிட்டால் அவரைக் கட்டுவார்கள். வாயை மூடிக்கொண்டு போனால் ஏகாம்பரம் ஆயுசுக்கும் மீனுக்கு விஷம் வைத்தவன். நடுக்குளத்து மீனுக்கோ நேரம் இல்லை.

முதலில் கழியை இறக்க வேண்டும். அதனால் கூட்டத்துக்குப் பூச்சியைக் காட்டினேன்.

"இதோ பாருங்கப்பா, எண்ட்ரின் பூச்சி மருந்து. கொளத்துல பூச்சி ஓடுது. பூச்சி மருந்துல பூச்சி சாகாம மீன் மட்டும் சாகுமா?"

சலசலப்பு. ஒரு வாலிபன் முன்னால் வந்தான். "அப்ப மீனுங்க இன்னா, தூக்கு மாட்டிக்கினு செத்துச்சா?"

"மூச்சு முட்டிச் செத்துது. ஏன்னு சொல்றேன். அதுவரைக்கும் யாரும் கை ஓங்காதீங்க."

பிறகு மில்லுக்காரரைத் தனியாகப் படித்துறைக்குக் கூப்பிட்டேன். கையைத் திறந்து காட்டினேன். சேற்றோடு சோற்றுப் பருக்கை. அவர் அதையே பார்த்தார்.

"இது நான் போட்டதுய்யா. மீனு தின்னும்னுதான் போட்டேன்."

"தின்னுதுங்கண்ணா. கொஞ்சம் தின்னுது. மீதியைத் தின்னது நம்ம கண்ணுக்குத் தெரியாத ஜீவனுங்க, அழுகலைத் தின்னறதுங்க. அதுங்க ஒண்ணு நூறாப் பெருகிப் போச்சு. அதுங்களும் மூச்சு உடணுமே. தண்ணில இருந்த காத்தையெல்லாம் அதுங்களே குடிச்சிடுச்சு. வெயில் அடிச்சா பாசி கொஞ்சம் காத்தைக் குடுத்திருக்கும். வெயிலும் இல்ல."

"சோறு வெசமாய்யா?" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. குழந்தை கேட்பதுபோல் கேட்டார்.

"வெசம் இல்லீங்க. ஜாஸ்தி. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்லுவாங்களே."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். நான் அவசரப்படுத்த வேண்டியிருந்தது. "அண்ணா, அங்க ஒரு மனுசன் கட்டுல நிக்கறான். நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

அவர் என்னை முறைத்தார். எழுந்தார். கரையில் ஏறிப் புங்க மரத்துக்குப் போனார். கூட்டம் வழி விட்டது; இன்னும் இரண்டு அறை வைக்கப் போகிறார் என்றே நினைத்திருப்பார்கள். முடிச்சில் கை வைத்தார். மழையில் நனைந்த கயிறு, இறுகிப் போயிருந்தது. விரலால் முடியவில்லை. குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தார். அவிழ்த்துக்கொண்டே, முகம் திருப்பாமல் சொன்னார்:

"இவன் இல்லடா. நான்தான். நான் கொட்டின சோறு."

போலீசுக்குக் கிளம்பியவனைத் திருப்பிக் கூப்பிட ஒருவன் ஓடினான். கழி ஒன்று தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

மீன் இதற்கெல்லாம் காத்திருக்காது. தண்ணீரை அலச வேண்டும், குடத்தை அலசுவதுபோல் குளத்தை. அதற்கு ஆயில் இன்ஜின் வேண்டும். பக்கத்தில் இன்ஜின் வைத்திருந்தவர் ஒரே ஒருவர். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"ஏகாம்பரம், உங்க இன்ஜின் வேணும்."

அவர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு நின்றார். உதட்டு ரத்தத்தைத் துண்டால் ஒற்றினார்.

"கட்டறதுக்குக் கவுறும் என்னுது, மீனு பொழைக்க இன்ஜினும் என்னுதா? நல்ல ஊரு சார் இது."

அவர் குளத்தைப் பார்த்தார். பிறகு கழி வைத்திருந்த வாலிபர்களைப் பார்த்து, "இன்னாடா மரம் மாதிரி நிக்கறீங்க? வண்டியைப் பூட்டுங்க. அந்த ஒழுவற கூரையில என் பசங்களும்தான் குந்திக்கினு கீதுங்க" என்றார்.

இன்ஜினை வண்டியில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தோம். குளத்துத் தண்ணீரையே உறிஞ்சித் துவைக்கிற கல் மேல் அடித்தோம். கல்லில் மோதிச் சிதறி, பூவாகத் தெறித்துத் திரும்பக் குளத்தில் விழுந்தது. மற்றவர்கள் புங்கங்கிளையை ஒடித்துத் தண்ணீரை அடித்தார்கள். மில்லுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, சேற்றிலிருந்து சோற்றைக் கூடை கூடையாக வாரிக் கரைக்கு எடுத்தார். ஒருவர் உதவிக்குப் போனதற்கு, "உடு, நான் போட்டது" என்றார். கொஞ்ச நேரத்தில் மிச்ச மீன்கள் அந்தத் தெறிப்புக்குக் கீழே வந்து மொய்த்தன. மத்தியானம் போல மேகம் விலகி, மலை உச்சி தெரிந்து, வெயில் விழுந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். மலையைக் கும்பிட்டதாக மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

பெரிய மீன் பெரும்பாலும் போயிற்று. சின்னது நிறையத் தப்பியது. அந்தக் கோடையில் பள்ளிக்கூடத்துக்குப் பாதிக் கூரைதான் ஓடு ஏறியது. மறுபாதி அடுத்த கோடையில்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். செத்ததை ஊரே பார்க்கும். சாகாததை நீங்கள் பாருங்கள். எது பிழைத்திருக்கிறதோ அதுதான் சாட்சி. அப்புறம், காரணம் தெரிந்துவிட்டது என்ற வேகத்தில் கூட்டத்தைப் பார்த்துக் கத்தாதீர்கள். உண்மையை முதலில் யாரிடம் சொல்வது என்று ஒரு மூச்சு யோசியுங்கள். ஆனால் மரத்தில் கட்டுண்டு நிற்பவனை மறந்துவிட்டு யோசிக்காதீர்கள்.

அடுத்த வருஷ தீபத்துக்கு மில்லுக்காரர் மறுபடி பந்தல் போட்டார். இந்தத் தடவை மிஞ்சுகிற சோறு மாட்டுக்கும் எருக்குழிக்கும் என்று சொல்லிவிட்டார். நான் சாப்பிடப் போயிருந்தேன். பந்தியில் எனக்கு எதிரில் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். வந்திருக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். ஒரு வருஷமாக இருவரும் பேசிக்கொள்வதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். மில்லுக்காரர் சோற்றுக் கூடையோடு வரிசையாக வந்தார். ஏகாம்பரத்தின் இலைக்கு வந்ததும் கை கொஞ்சம் நின்றது. பிறகு ஒரு கரண்டி போட்டார். இன்னொன்று போட்டார். மூன்றாவது கரண்டியை எடுத்தபோது ஏகாம்பரம் இலைக்குக் குறுக்கே கையை நீட்டினார்.

"போதும்னு மீனு சொல்லாதுங்க, மொதலாளி" என்றார். "நான் சொல்லுவேன்."

மில்லுக்காரர் கரண்டியைக் கூடையில் வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனார். ஏகாம்பரம் தலை குனிந்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.